இரண்டு ஊதல்களுக்கு நடுவே

ஜெபமாலை சொல்லும்போது அமல்ராஜ் 'ஆமென்' சொல்லமாட்டார். ஜோசபின் முதல் பாதியைச் சொல்வாள். அவர் மறுபாதியை எடுத்து, மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும் என்பது வரை வந்து நின்றுவிடுவார். ஆமெனையும் அவளே சொல்லிக்கொண்டு அடுத்த மணிக்குப் போவாள். கோயிலில் அத்தனை குரல்களுக்கு நடுவே யாருக்கும் தெரியாது. வீட்டில் இரண்டே குரல். ஒன்பது வருடமாக அவளுக்குத் தெரியும்.

அவர் பட்டாளத்தில் பியூகிள் ஊதியவர். பிறந்தது மராத்தி பேசும் ஊரான கட்கியில். அப்பா அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கோயில் பேண்டில் டிரம்பெட் வாசித்த பையனை ஒரு சுபேதார் பார்த்துவிட்டு, வீட்டுக்கே வந்து அப்பாவிடம் கேட்டு அழைத்துப்போனார். டிரம்பெட்டில் அமுக்கப் பொத்தான்கள் உண்டு. பியூகிளில் எதுவும் கிடையாது. வளைந்த ஒரு பித்தளைக் குழாய், அதற்குள் ஐந்து சுரம். மற்றதெல்லாம் உதடு. அந்த ஐந்து சுரத்தில்தான் பட்டாளத்தின் முழு நாளும் இருந்தது. எழுந்திரு, சாப்பிட வா, தீப்பிடித்திருக்கிறது, கொடியை இறக்கு, விளக்கை அணை. வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன ஊதல்கள் அவை. அதிகாரிகள் மாறினார்கள். துப்பாக்கிகள் மாறின. ஊதல்களை யாரும் தொடவில்லை.

"நீ உத்தரவு போடுறவன் இல்லை. நீ உத்தரவோட சத்தம், அவ்வளவுதான்" என்று சுபேதார் முதல் நாளே சொல்லிவைத்தார்.

தீ ஊதல் ஊதினால் ஆட்கள் தீ இருக்கும் இடத்துக்கு ஓடமாட்டார்கள். பியூகிளர் நிற்கும் இடத்துக்கு ஓடிவந்து வரிசையாக நிற்பார்கள். எங்கே போவது என்பதை அதற்குப் பிறகுதான் அதிகாரி சொல்வார். சத்தம் வந்த பக்கம் போய் நிற்பது சிப்பாயின் கால்களுக்குப் பழகிய ஒன்று. லீவில் ஊருக்குப் போனவன் கல்யாண பேண்டில் கொம்புச் சத்தம் கேட்டு, கையில் சாப்பாட்டுத் தட்டோடு அதன் முன்னால் போய் விறைத்து நின்ற கதையெல்லாம் உண்டு.

இறந்தவனுக்கும் ஊதல் உண்டு. அது இரண்டு. முதலில் லாஸ்ட் போஸ்ட். அது தூங்கவைப்பது. நீளமானது, இறங்கி இறங்கிப் போவது. பிறகு ஒரு மௌனம். பிறகு ரெவலி. அது எழுப்புவது. பாரக்கில் காலையில் சிப்பாய்களைக் கட்டிலிலிருந்து கிளப்பும் ஊதலின் ஜாதி. லாஸ்ட் போஸ்ட் முடிந்ததும் ஜனங்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள் என்பதால் இரண்டாவதை அவர்கள் காதில் வாங்குவதில்லை. பட்டாளத்துக்கு அதுதான் முக்கியம். தூங்கவைத்தவன் எழுப்பிவிட்டுத்தான் போகவேண்டும். இங்கே தூங்கியவன் வேறெங்கோ ஒரு பரேடில் போய் நிற்கவேண்டும்.

நடுவிலிருக்கும் மௌனம் எவ்வளவு என்பதற்குக் கடிகாரம் கிடையாது. அதை வைத்திருப்பவன் முதல் பியூகிளர். அமல்ராஜ் அந்த இடத்தில் மனசுக்குள், ஜெபமாலையில் வரும் மாதாவின் அருள் நிறைந்த மந்திரத்தை ஒருமுறை சொல்வார். ஆமென் வந்ததும் பியூகிள் உதட்டுக்குப் போகும். பக்கத்தில் நிற்கும் இரண்டாவது பியூகிளர் ராம்பிரசாத்துக்குக் கணக்கு வேறு. பீகாரில் தன் ஊருக்குப் போகும் ரயில் நிலையங்களை வரிசையாக நினைத்துக்கொள்வான். முதலாமவர் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டுத்தான் இரண்டாமவன் தொடங்கவேண்டும். தானாகத் தொடங்கக்கூடாது.

"தாதா, உன் மாதா இன்னைக்கு எக்ஸ்பிரஸ்ல போயிட்டாங்க. நான் இன்னும் வண்டியிலேயே இருக்கேன், நீ இறங்கி நடக்கிறே" என்பான், திரும்பும் லாரியில். தாதா என்றால் அவனுக்கு அண்ணன்.

"நீ பாசஞ்சர்ல போனா நான் என்னடா பண்ணுறது?"

சாவு வீட்டிலிருந்து திரும்பும் வழியில் அவர்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் அந்த வேலையைச் செய்யமுடியாது.

விஜய் என்ற சிப்பாய்க்கு ஊதப் போனது மழைக்காலத்தின் முடிவில். வடக்கே ஏதோ ஒரு ஆற்றில் மிதவைப் பாலம் கட்டும் பயிற்சி. கயிறு அறுந்து ஆற்றோடு போனவனை மூன்றாம் நாள் எடுத்தார்கள். கல்யாணம் ஆகாதவன். கட்கிக்குப் பக்கத்தில் ஏரவாடாவில் அம்மா மட்டும். தமிழரசி. திருவண்ணாமலைப் பக்கம். கட்டட வேலைக்கு வந்து, புருஷன் போய், ஆஸ்பத்திரியில் தரை துடைத்துப் பிள்ளையை வளர்த்தவள். ஆற்றங்கரைச் சுடுகாட்டில் கட்டை அடுக்கியிருந்தது. மலர்வளையம் வைத்தார்கள். துப்பாக்கிகளைத் தலைகீழாகப் பிடித்தார்கள். வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். லாஸ்ட் போஸ்ட் ஊதி முடித்து, பியூகிளை இடுப்புக்கு இறக்கி, அமல்ராஜ் மனசுக்குள் மந்திரத்தைத் தொடங்கினார்.

மரண நேரத்திலும் என்று வந்தபோது அவள் எதிரே நின்றாள். கூட்டத்திலிருந்து எப்போது பிரிந்து வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. பியூகிள் பிடித்திருந்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தமிழன் என்று எப்படித் தெரிந்ததோ.

"போதும்ணே. தூங்கட்டும்."

கத்தவில்லை. தொட்டில் பக்கத்தில் நின்று பேசுகிற குரல். அமல்ராஜின் கை எழவில்லை. இரண்டு பெண்கள் வந்து அவளை அழைத்துப்போனார்கள். பக்கத்தில் ராம்பிரசாத் மூச்சுச் சத்தத்துக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்த காவல் அணியின் தலைவர் அடுத்த உத்தரவைக் கொடுத்தார். பூட்ஸுகள் ஒன்றாகத் திரும்பின. தீ வைத்தார்கள்.

லாரியில் ராம்பிரசாத் தன் பியூகிளைத் துடைத்துக்கொண்டே இருந்தான். சங்கம் பாலம் தாண்டியபிறகு, "தாதா, நான் ஊர் ஸ்டேஷன் தாண்டிப் போயிட்டேன்" என்றான். "வண்டி நிக்கவே இல்லை."

அவர்கள் இருவரையும், அமல்ராஜ் சொல்லித் தெரிந்துகொண்ட ஜோசபினையும் தவிர யாருக்கும் தெரியாது. அமல்ராஜ் அதன்பின் இரண்டு வருடம் பணியில் இருந்தார். வேறு சிலருக்கு ஊதினார். அவர்களுக்கு நடுமௌனத்தில் மந்திரம் சொல்லவில்லை, வெறுமனே எண்ணினார். அந்த மந்திரம் விஜய்க்காக நிறுத்திவைத்த இடத்திலேயே நின்றது. ஓய்வு பெற்றபோது பேண்ட் ஆட்கள் சேர்ந்து ஒரு பியூகிள் வாங்கிக்கொடுத்தார்கள். அதை அலமாரிக்கு மேலே வைத்தார். ஆனால் அதன் ஊதுவாயை மட்டும் கழற்றி, தினமும் குளியலறையில் வைத்து உதட்டைப் பழக்கிக்கொண்டிருந்தார். வெளியே ஈ பறப்பதுபோல் கேட்கும்.

சில சமயம் பகலில், மின்விசிறி நின்றாலோ தெருவில் வண்டிகள் ஓய்ந்தாலோ, அவர் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நிற்பார். ஜோசபின் அப்போது பேசமாட்டாள். ஏதோ ஒரு சத்தம், ஒரு ஹாரன், ஒரு நாய், வந்து கலைக்கும்வரை அவர் நிற்பார்.

இந்த டிசம்பரில் மேல்வரிசை முன்பற்கள் இரண்டு ஆட ஆரம்பித்தன. எடுத்துவிடவேண்டும் என்று பாலிகிளினிக் டாக்டர் சொன்னார். முன்பல் போனால் பியூகிள் இல்லை. உதடு எதன்மேல் நிற்கும்?

"முந்தாநாளே வரச் சொன்னாரு. நீங்க போகலை. இன்னைக்கும் போகலை" என்றாள் ஜோசபின். "சீழ் வெச்சா அப்புறம் தாடையையே அறுப்பாங்க. போதும், பஸ் பண்ணுங்க இந்தப் பிடிவாதத்தை. யாருக்கு ஊதப்போறீங்க இப்போ?"

யாருக்கு என்று அவளுக்கும் தெரியும்.

ஜனவரியில் ஒரு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. தமிழரசி நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். செருப்பை வாசலில் விட்டபோதும் சத்தம் வராமல் குனிந்து கையால் வைத்தாள்.

"ராம்பிரசாத்னு ஒருத்தர் பேண்ட் ஆபீஸ்ல அட்ரஸ் குடுத்தாருண்ணே."

ஜோசபின் தண்ணீர் கொடுத்தாள். தமிழரசி குடித்துவிட்டு டம்ளரையும் சத்தமில்லாமல் வைத்தாள்.

வந்த விஷயத்தைச் சொன்னாள். போன மாதம் போர் நினைவிடத்தில் ஒரு சடங்கு. வருடா வருடம் கூப்பிடுவார்கள், போகமாட்டாள். இந்த முறை பக்கத்து வீட்டு பாத்திமா விரட்டி அனுப்பியிருக்கிறாள். "போய்ட்டு வாடி, பொட்டலமாவது குடுப்பாங்க, கூடவே ஒரு சால்வை." போனாள். கொம்பு ஊதினார்கள். எல்லோரும் தலைகுனிந்தார்கள். அமைதியாக இருந்தது. எழுந்து போகலாம் என்று நினைத்தபோது மறுபடி ஊதினார்கள். வேறு மாதிரி, துள்ளிக்கொண்டு. எல்லோரும் தலை நிமிர்ந்தார்கள்.

"பக்கத்துல நின்ன பையன்கிட்ட இது என்னப்பான்னேன். முதல்ல தூங்கவைப்பாங்க மாதாஜி, அப்புறம் எழுப்புவாங்கன்னான்." டம்ளரையே பார்த்தாள். "எங்க விஜய்க்கு ரெண்டாவது ஊதலையேண்ணே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஒண்ணுதான் ஊதுனீங்க. ஏன் ஊதலை?"

ஜோசபின் அவரைப் பார்த்தாள். அமல்ராஜ் தரையைப் பார்த்தார்.

"விட்டுப்போச்சும்மா" என்றார்.

"அதான்" என்றாள் தமிழரசி. கோபமில்லை. கணக்கு சரியாக வந்ததுபோல் தலையசைத்தாள். "அதான் அவன் எழுந்திருக்கலை."

பிறகு சொன்னாள். சுடுகாட்டிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே தெரிந்துவிட்டதாம். அவனுடைய இரும்புக் கட்டிலில் யாரோ தூங்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தூங்குகிற ஆள் இருக்கிற வீடு எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியும். விரிப்பை எத்தனை முறை நீவினாலும் காலையில் பள்ளம் இருக்கும். லீவுக்கு வந்தால் அப்படித்தான் தூங்குவான், மத்தியானம்வரை. எழுப்பினால் கோபம் வரும்.

"குக்கரை வித்துட்டேன். விசில் அடிக்குமில்ல. சந்துப் பசங்களை வாசல்ல விளையாட விடமாட்டேன். பாத்திமாவே சொல்லுவா, தமிழ், உன் வீட்டுக்குள்ள வந்தா நானே கால்விரல்ல நடக்கிறேன்டின்னு."

"பயமா இல்லையா?" என்றாள் ஜோசபின்.

"பெத்த பிள்ளைக்கிட்ட என்னக்கா பயம்?"

இப்போது அந்தச் சந்து வீடுகளை இடிக்கப்போகிறார்கள். புதுக் கட்டடத்தில் ஏழாவது மாடியில் வீடு கொடுத்திருக்கிறார்கள். பாதிப்பேர் போய்விட்டார்கள். வரும் திங்கட்கிழமை ஜேசிபி வருகிறது. கட்டிலைத் தூக்கிக்கொண்டு போகலாம். தூங்குகிறவனை எப்படித் தூக்குவது? விட்டுவிட்டுப் போனால் அவன்மேல் சுவர் விழும்.

"நீங்க வந்து அந்த ரெண்டாவதை ஊதிக் குடுங்கண்ணே. எழுந்தான்னா என் பின்னாடியே நடந்து வந்துடுவான்."

அவள் போனபின் ஜோசபின் டம்ளரை எடுத்துக்கொண்டு நின்றாள்.

"அவதானே தடுத்தா? என்கிட்ட நீங்க சொன்னது அதுதானே? சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லி?"

"உங்க மேல பழி இல்லாம இருக்கும்."

"அவளுக்கு அது மட்டும் ஞாபகம் இல்லை. மறந்தே இருக்கட்டும்."

"அப்போ போய் ஊதிட்டு வாங்க. இதுக்குத்தானே பல்லைப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை வருடம் அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு ஊதல். இப்போது அதைக் கேட்டு அவளே வந்திருக்கிறாள். ஆனால் ரெவலி எதற்கு என்று அவருக்குத் தெரியும். அது வீட்டுக்குக் கூட்டிப்போகும் ஊதல் இல்லை.

"எழுந்து ஒரேயடியா போயிட்டான்னா? அந்தப் பள்ளம்கூட அவளுக்கு இருக்காது" என்றார்.

ஜோசபின் டம்ளரைக் கழுவப் போனாள்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் பியூகிளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். சந்து வாயில் 'அம்ருத்துல்ய' என்று பலகை போட்ட டீக்கடை மட்டும் திறந்திருந்தது. உள்ளே வீடுகளுக்குக் கதவில்லை, ஜன்னல் இல்லை. மரச்சட்டங்களைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். தமிழரசி வீட்டுக்கு மட்டும் கதவு இருந்தது. உள்ளே பாத்திரங்கள் இரண்டு மூட்டையாகக் கட்டியிருந்தன. சாமி படங்கள் ஒரு பக்கெட்டில். கட்டில் விரித்தபடி இருந்தது. விரிப்பில் பள்ளம்.

அமல்ராஜ் உள்ளே கால் வைத்ததும் தானாகவே குரலைத் தாழ்த்தினார்.

"தமிழரசிம்மா. ஒண்ணு சொல்லணும். இதை ஊதினா எழுந்திருப்பான். ஆனா நாம நினைக்கிற பக்கம் வருவான்னு நான் சொல்லமாட்டேன்."

"அம்மாகூட வராம எங்கண்ணே போவான்?"

"பட்டாளத்துக்குப் போனான்ல."

அவள் கட்டிலைப் பார்த்தாள்.

"அன்னைக்கும் போகாதேன்னுதான் சொன்னேன்" என்றாள். "சரி. சுவருக்கு அடியில கிடக்கிறதுக்கு எங்கேயாவது போகட்டும். ஊதுங்க."

லாஸ்ட் போஸ்ட் மறுபடி ஊதவேண்டியதில்லை. அதை ஊதியாயிற்று. ஒன்பது வருடம் முன்பு தொடங்கிய மௌனம் அந்த அறையில் அப்படியே இருந்தது. அதற்குள் அவர் போய் நின்றால் போதும். குதிகாலைச் சேர்த்தார். பியூகிளை இடுப்பில் வைத்தார். விட்ட இடத்திலிருந்து எடுக்க மனம் வராமல் மந்திரத்தை முதலிலிருந்து சொன்னார். கடைசிக்கு வந்தார். யாரும் கையைப் பிடிக்கவில்லை.

"ஆமென்" என்றார், வாய்விட்டு.

முதல் சுரம் சுத்தமாக வந்தது. தகரக்கூரை அதிர்ந்தது. காலியான வீடுகளுக்குள் அது புகுந்து புகுந்து வெளியே வந்தது. உயரத்துக்கு ஏறும் இடத்தில் பல் ஒன்று உள்ளே சாய்வது தெரிந்தது. சுரம் உடைந்தது. நிறுத்தவில்லை. உதட்டின் ஓரத்தை வைத்து மிச்சத்தை ஊதி முடித்தார். பித்தளையில் ரத்தம்.

துடைத்துக்கொண்டு பார்த்தார். கட்டில் கட்டிலாக இருந்தது. விரிப்பு விரிப்பாக இருந்தது. பள்ளம் இருந்ததா என்று அவரால் சொல்லமுடியவில்லை.

"எழுந்துட்டான்" என்றாள் தமிழரசி.

முகத்தில் சிரிப்பு வந்தது. மூட்டை ஒன்றைத் தூக்கித் தலையில் வைத்தாள். வாசலுக்குப் போய்த் திரும்பினாள். சிரிப்பு நின்றது. அவள் அமல்ராஜைப் பார்க்கவில்லை. அவருக்கு முன்னால், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்தாள்.

"அங்க ஏன்டா போய் நிக்கிற? வா."

காத்திருந்தாள்.

"என்னைப் பார்க்கவே மாட்டேங்கிறாண்ணே. விறைப்பா உங்களையே பார்த்துக்கிட்டு நிக்கிறான்."

ஊதலைக் கேட்டவன் எங்கே வந்து நிற்பான் என்பதை அவரல்லவா யோசித்திருக்கவேண்டும்? இருபத்தைந்து வருடம் ஊதியிருக்கிறார். வந்து நின்றவர்களுக்கு அடுத்த உத்தரவைச் சொன்னது எப்போதும் வேறொருவர். அவருக்கு உத்தரவு கொடுக்கத் தெரியாது.

அவரால் முடிந்தது ஒன்றுதான். பியூகிளை நெஞ்சில் மாட்டிக்கொண்டார். இரண்டாவது மூட்டையை எடுத்தார்.

"நான் முன்னாடி போறேன். நீங்க பின்னாடி வாங்க" என்றார். "கதவைச் சாத்தாதீங்க."

சந்து முனையைத் தாண்டி, பெரிய சாலையைக் கடந்து, நாய்கள் படுத்திருந்த மைதானத்தின் வழியாக அவர் நடந்தார். நாய்கள் எழுந்து விலகின. திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் அவள் நடையில் ஒரு இடைவெளி விட்டிருந்தது, நடுவில் ஒரு ஆள் நடந்தால் விடுகிற அளவு. சந்து வாயைத் தாண்டும்போதே டீக்கடைக்காரன், "பேண்ட் வந்தாச்சு, மாப்பிள்ளை எங்கே அம்மா?" என்று மராத்தியில் கத்தினான். அவள் விரலை வாயில் வைத்து அதட்டினாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். இனிமேல் சத்தம் போடலாம் என்று நினைவு வந்திருக்கவேண்டும்.

புதுக் கட்டடத்தில் பெயின்ட் நாற்றம். லிஃப்டில் ஏறினார்கள். அவள் ஏழாம் எண்ணை அமுக்கினாள். கதவு மூடப் போய், பாதியில் திறந்துகொண்டது. மறுபடி அமுக்கினாள். மறுபடி திறந்தது.

"உள்ள வாடா" என்றாள்.

கதவு மூடியது.

வீடு ஒரே அறை. வெளிச்சமாக இருந்தது. ஜன்னலில் ஆறு தெரிந்தது. மூட்டைகளை இறக்கினார்கள். அவள் பக்கெட்டையும் கட்டிலையும் எடுக்கப் பிறகு போவதாகச் சொன்னாள். "பாத்திமா பையன் டெம்போ வெச்சிருக்கான்." அமல்ராஜ் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு தலையசைத்தார். அந்த அறையில் யாரும் தூங்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. வேறெதுவும் தெரியவில்லை. விடைபெற்று வெளியே வந்தார்.

லிஃப்ட் வந்தது. உள்ளே போய்க் கீழ்த்தளத்தை அமுக்கினார். கதவு பாதி வந்து திறந்தது. வாசற்படியைப் பார்த்தார். எதுவும் தடுக்கவில்லை. மறுபடி அமுக்கினார். திறந்தது. மறுபடியும்.

வெளியே வந்து அவள் வீட்டுக்கு நடந்தார். அவள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"உங்ககூடவே வந்துட்டானா?"

அவர் பியூகிளைக் கழற்றினார். ஊதுவாயில் இருந்த ரத்தத்தைச் சட்டையில் துடைத்தார். அவள் கையில் கொடுத்தார்.

"எனக்கு ஊதத் தெரியாதேண்ணே."

"ஊதவேண்டாம். வீட்டுல இருக்கட்டும்."

அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அன்று அவர் கையைப் பிடித்திருந்த மாதிரியே. அவளுடைய உதடுகள் ஏதோ சொல்ல அசைந்தன. நினைவு வந்துவிடப்போகிறது என்று அவருக்குப் பயமாக இருந்தது.

"வர்றேம்மா" என்று திரும்பினார்.

லிஃப்ட் அங்கேயே திறந்து நின்றது. ஏறி அமுக்கினார். இந்த முறை கதவு நேராக வந்து மூடியது. கீழே வரும்வரை அவர், ஒரு ஆளுக்கு இடம் விட்டு, ஓரமாகவே நின்றார்.